ஞாயிற்றுக்கிழமை தெரிந்த தேனீக்கள்

எந்தத் தேனீக்கும் ஞாயிற்றுக்கிழமை தெரியாது. பெமிலாவின் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

தலைப்பிரசவத்துக்குக் கீரிப்பாறையில் அம்மா நேசபாயின் வீட்டுக்குப் போனவள், தொண்ணூறு நாள் கழித்து, கைக்குழந்தையோடு மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலுள்ள கணவன் வீட்டுக்கு முந்தின நாள் சனிக்கிழமைதான் வந்து சேர்ந்திருந்தாள். ஞாயிறு மதியம் மீன் குழம்புச் சாப்பாடு முடிந்து, குட்டி பால் குடித்துத் தூங்கியதும், மூன்று மாதமாகக் கை படாமல் மனதிலேயே கிடந்த ஆராய்ச்சிக் கோப்பின் தாள்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினாள்.

தேனீக்களைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. ஜனவரியில் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்கும்போது, அந்த இளம் இலைக்காம்பில் இனிப்பு சுரக்கும். அந்த இரண்டு மூன்று மாதம்தான் இந்தப் பக்கத்துத் தேனீக்களுக்கு அறுவடைக்காலம். ஆனால் இப்போதெல்லாம் பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதற்குப் பயந்து தேனீக்கள் முன்னைவிடச் சீக்கிரமாக, விடிந்தவுடனேயே வேலைக்குக் கிளம்புகின்றனவா? இதுதான் அவள் கேள்வி. அதற்காகச் சீசன் முழுக்க, தினமும் காலை ஏழு மணிக்கு, ஒரு பெட்டியின் வாசலிலிருந்து ஐந்து நிமிடத்தில் எத்தனை தேனீ வெளியே பறக்கிறது என்று எண்ண வேண்டும். மொத்தம் ஆறு பெட்டிகள், ஒன்று முடிந்து அடுத்தது. இரண்டு வருஷம் அவளே எண்ணினாள். மூன்றாவது வருஷம், சீசன் தொடங்கும் நேரம் பார்த்து, குட்டி பிறந்தாள்.

"நீ போ. நான் எண்ணி வைக்கேன்" என்று சொன்னது ஷிபுதான். அவனுக்கு அது பெரிய காரியமும் இல்லை. பதினைந்து வயதிலிருந்து தேனீயோடு கிடந்தவன். மார்த்தாண்டத்தில் தேன்பெட்டி செய்கிற பட்டறை வைத்திருந்தான். வெறுங்கையால் தேனடையைத் தூக்கிப் பார்க்கிற அவன் தைரியத்தைக் கண்டுதான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் பெமிலா அவனிடம் மனதைக் கொடுத்தாள்.

இப்போது அவன் எழுதிய தாள்களைப் பார்த்தாள். முதலில் உறுத்தியது அவற்றின் சுத்தம். அவளுடைய பழைய தாள்களில் தேன் ஒட்டியிருக்கும், பனி பட்டு மை கலைந்திருக்கும், ஒன்றிரண்டில் நசுங்கிய தேனீயின் இறகுகூட உண்டு. இவையோ கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தன. எல்லா நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

பிறகு எண்கள். போன இரண்டு வருஷமும் ஒரு பெட்டிக்குச் சராசரி முப்பத்தெட்டு. இந்த வருஷம் ஜனவரி பத்தொன்பதில் எண்ணத் தொடங்கியது முதலே ஐம்பத்தெட்டு. பிப்ரவரி பதினெட்டிலிருந்து ஒரே தாவலாக எழுபத்து நாலு. ஷிபு வாரா வாரம் போனில் அனுப்பிய எண்களை அவள் வழிகாட்டி டாக்டர் விக்டோரியாவுக்கு அனுப்பியிருந்தாள். அந்த அம்மா சந்தோஷத்தில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். "கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெமிலா! வெயிலுக்குப் பயந்து விடியக்காலமே ஓடுதுங்க. புதன்கிழமை சாயந்திரத்துக்குள்ள எல்லா எண்ணையும் சரிபார்த்து அனுப்பு. மாநாட்டுக்கு இதைத்தான் கொடுக்கப்போறேன்."

சரிபார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஏழு நாளைக்கு ஒருமுறை எண் விழுந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தேழு என்று போய், திடீரென்று நாற்பத்தொன்று. அடுத்த நாள் மறுபடி ஐம்பத்தெட்டு. அவள் சுவரில் தொங்கிய திருச்சபைக் காலண்டரைப் பார்த்தாள். நாற்பத்தொன்று வந்த எட்டு நாளும் ஞாயிறு.

மழை ஏழு நாளைக்கு ஒருமுறை பெய்யாது. வெயிலும் வாரக்கணக்குப் பார்த்து அடிக்காது. வாரம் என்பது மனுஷர் சமாச்சாரம். அப்படியானால் இந்த எண்கள் மனுஷன் மண்டையிலிருந்து வந்தவை.

சாயங்காலம் பால் சேர்க்காத கட்டஞ்சாயாவை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"அத்தான், ஞாயித்துக்கெழமை மட்டும் ஏன் எண்ணம் கொறையுது?"

ஷிபு டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான். "கொறையுதா?"

"எட்டு ஞாயிறும்."

"எண்ணினதத்தான் எழுதியிருக்கேன். கொறவா வந்தா நான் என்ன செய்ய? அதுவள்ட்டப் போய்க் கேளு."

நாற்காலியில் சாய்ந்து பாட்டுப்புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த மாமனார் யேசுரத்தினம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த இந்த நாலு வருஷமாக அவருக்கு உலகமே ஆலயப் பாட்டுக்குழுதான். முப்பது வருஷமாக அதன் தலைவர். மருமகளின் ஆராய்ச்சி அவருக்கு ஒரு தீராத தமாஷ்.

"தேனீயும் கிறிஸ்தியானியா இருக்கும் மக்களே. ஓய்வுநாளை ஆசரிக்குவாயிருக்கும்" என்றார்.

"மாமா, நான் வெளையாட்டுக்குக் கேக்கல்ல."

"நானும் வெளையாட்டுக்குச் சொல்லல்ல. ஈ எண்ணுகதுக்கு ஒரு டாக்டர் பட்டம். எண்ணி முடிச்சதும் அதுவளுக்கு ரேஷன் கார்டு குடுப்பியளா?"

வழக்கமாக இந்த இடத்தில் ஷிபு சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை. அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண் இமைக்கும் நேரம்தான். பெமிலாவுக்கு அது போதும். ஆயிரம் தேனீயில் மகரந்தம் சுமந்த ஒன்றைக் கண்டுபிடிக்கிற கண் அது.

அதன்பிறகு அவள் பார்த்ததெல்லாம் சந்தேகமாகவே தெரிந்தது. சனிக்கிழமை இரவு குட்டிக்குக் கொசுவலை கேட்டபோது, "அது பட்டறையில கெடக்கு" என்றானே. கொசுவலைக்குப் பட்டறையில் என்ன வேலை? ஜனவரியில் இரண்டு வாரம் சளி என்று சொல்லிக் கீரிப்பாறைக்கே வரவில்லை; கொச்சுக்கு ஒட்டிரும் என்று குட்டியைச் சாக்குச் சொன்னான். வீடியோவில் கூப்பிட்டால் சிக்னல் இல்லை என்று குரலோடு நிறுத்திக்கொண்டான். அன்று நம்பினாள். இன்று ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

திங்கள் சாயங்காலம், குட்டியை மாமாவிடம் கொடுத்துவிட்டு, ஷிபுவைக் கூட்டிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்துக்குப் போனாள். ஷிபு பைக்கை ரோட்டிலேயே, சின்னக் கலுங்குப் பாலத்தின் அந்தப் பக்கம் நிறுத்தினான்.

"உள்ள வாருங்க அத்தான்."

"நீ பாத்துட்டு வா. எனக்கு ஒரு போன் பண்ணணும்."

"ஆறாவது பெட்டியில புது ராணி வந்திருக்குன்னு சொன்னியளே. காட்டுங்க."

"சத்தியராஜ்தான் பாத்தான். பட்டறையில இருந்து அவன்தான் வந்து தேன் எடுத்துட்டுப் போனது. அவன்கிட்டக் கேளு."

தேனீ என்றால் சோற்றையும் மறந்து ஓடுகிறவன், கலுங்குக்கு அந்தப் பக்கமே நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டான். அந்தப் போனில் யாரும் பேசவில்லை என்பது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. குற்றம் செய்தவன் குற்றம் நடந்த இடத்துக்கு வரப் பயப்படுவான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொட்டகையில் ஆணியில் தொங்கிய அவனுடைய தேனீச் சட்டையை எடுத்தாள். வலை வைத்த தொப்பியோடு சேர்ந்த வெள்ளைச் சட்டை. கையை உள்ளே விட்டதும் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. கைப்பகுதியைப் புரட்டினாள். மண்குளவிக் கூடு. வரிசையாக ஐந்து அறைகள். ஐந்திலும் ஓட்டை.

வேறு யாராக இருந்தாலும் தட்டிப் போட்டிருப்பார்கள். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று சிரித்தும் இருப்பார்கள். பெமிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குளவி மண் கொண்டுவந்து, அறை கட்டி, புழுவைப் பிடித்து அடைத்து, முட்டையிட்டு, அந்த முட்டை பொரிந்து வளர்ந்து, குஞ்சு சுவரைத் துளைத்துப் பறந்து போயிருக்கிறது. குறைந்தது ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் இந்தக் கைக்குள் ஷிபுவின் கை நுழையவில்லை.

அவள் சட்டையை இருந்தபடியே மாட்டினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஷைஜா எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண். வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"பெமிலாக்கா, வந்துட்டியளா! கொச்சு ஆரை மாதிரி? பின்ன ஒரு காரியம், நான் சொன்னேன்னு சொல்லப்பிடாது. உங்க வீட்டு அண்ணன் தெனமும் வெடிய அந்தக் கலுங்குப்பக்கம் பைக்கில இருந்து போனை நோண்டிட்டுக் கெடக்காரு. ஏழு மணி முதல் எட்டு மணி வர. நான் பால் வாங்கப் போகும்பளும் அங்க, திரும்பி வரும்பளும் அங்க. ஆருகிட்டப் பேசுகாரோ!"

"பட்டறை ஆளுவகிட்டயா இருக்கும்" என்று பெமிலா சொன்னாள்.

கடைசியாக அந்தப் பை. குட்டியின் மருந்துச் சீட்டு பைக்கின் பெட்டியில் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். பழைய துணிக்கு அடியில் ஜிப் வைத்த சின்னப் பை. உள்ளே ஒரு சிரிஞ்ச், இரண்டு கண்ணாடிக் குப்பி, ஒரு அட்டை மாத்திரை. குப்பியிலிருந்த பொடி எழுத்தைப் படிப்பதற்குள் ஷிபுவின் செருப்புச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

சாப்பிடும்போது அவன் முகத்தையே பார்த்தாள். மெலிந்திருந்தான். கழுத்தின் இடப்பக்கம் ஆறிப்போன ஒரு சின்னத் தழும்பு, முன்பு இல்லாதது. புட்டைப் பிசைந்து அவள் தட்டில் பயறை அள்ளி வைத்தான், எப்போதும் செய்வதுதான். இந்தக் கையா பொய் எழுதியது? பொய் எண் அனுப்பிவிட்டு, காலையில் ரோட்டில் நின்று வேறு யாரோடோ பேசுகிறானா? சிரிஞ்ச் எதற்கு?

எண்கள் பொய்யானால் மூன்றாவது வருஷம் போயிற்று. இரண்டு வருஷத்துக் கணக்கை வைத்துத் தேனீக்கள் மாறிவிட்டன என்று யாரும் சொல்ல முடியாது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இன்னொரு சீசன் வரும். ஆனால் அவள் பிள்ளை பெற்றுக் கிடந்த மாதங்களில், தினம் இரவு போனில், "இன்னைக்கு ரெண்டாவது பெட்டியில எழுபத்தாறு, கேட்டியா" என்று ஆசையாகச் சொன்ன அந்தக் குரல் பொய்யென்றால், இனி அந்தக் குரல் சொல்லும் எதைத்தான் நம்புவது?

செவ்வாய் காலை. வழக்கம்போல் ஆறரைக்கு மாமா துண்டைத் தோளில் போட்டு நடைக்குக் கிளம்பினார். பத்து நிமிஷம் கழித்து ஷிபு, "எண்ணிட்டு வாறேன்" என்று பைக்கை எடுத்தான். பெமிலா ஷைஜாவைக் கூப்பிட்டுக் குட்டியின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தோட்டத்துக்குப் பின்பக்கமாகப் போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். ஆளில்லாத தோட்டத்தையும் எண்ணப்படாத பெட்டிகளையும் தன் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம்.

மரங்களுக்கு நடுவே வந்தபோது பாட்டுச் சத்தம் கேட்டது.

தாழ்ந்த, கனத்த குரல். ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்னும் தவக்காலத்தில் மட்டும் ஆலயத்தில் பாடுகிற, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் கீர்த்தனை. பெமிலா மரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். இரண்டாவது பெட்டிக்குச் சற்றுப் பக்கவாட்டில், ரப்பர்பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, தலையில் துண்டோடு மாமா உட்கார்ந்திருந்தார். கண் பெட்டி வாசலை விட்டு அசையவில்லை. இடது கை தொடையில் தாளம் போட்டது. வலது கை, தேனீ ஒன்று பறக்கும்போதெல்லாம், மடியிலிருந்த பாட்டுக்குழு நோட்டில் ஒரு கோடு கிழித்தது.

கடைசிச் சரணம் முடிந்தது. "ஆமென்" என்றார். கோடுகளை எண்ணிக் கூட்டி எழுதினார். வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது பெட்டிக்குப் போய், தொண்டையைச் செருமி, முதல் அடியிலிருந்து தொடங்கினார்.

பெமிலாவின் விரல் பழக்கத்தில் போனின் ஸ்டாப்வாட்சை அழுத்தியது. அவர் மறுபடி "ஆமென்" சொன்னபோது ஒன்பது நிமிடம் இரண்டு வினாடி.

"மாமா."

அவர் திடுக்கிட்டு எழுந்ததில் வாளி உருண்டது. "யம்மா! நீ எப்பிடி இஞ்ச? பைய வா, பைய. ஈயை வெரட்டிராத, இன்னும் மூணு பெட்டி கெடக்கு."

"நீங்களா எண்ணுதிய?"

"பின்ன ஆரு, இந்தத் துண்டா எண்ணுது?"

"அவரு எங்க?"

"ரோட்டுல நிக்கான்."

"எதுக்கு மாமா? அவருக்கு என்ன? எனக்குச் சொல்லுங்க."

யேசுரத்தினம் நோட்டை மூடினார். தமாஷ் முகத்திலிருந்து இறங்கிவிட்டிருந்தது. "அவன் சொல்லாம நான் சொல்லமாட்டேன்னு சத்தியம் செய்து குடுத்திருக்கேன் மக்களே. சத்தியமே செய்யப்பிடாதுன்னு வேதத்தில உண்டு. ஆனா செய்தாச்சு."

அவள் ரோட்டைப் பார்த்து நடந்தாள். கடைசிக் கொஞ்ச தூரம் ஓடினாள். கலுங்குக்கு அந்தப் பக்கம் பைக்கின் மேல் ஷிபு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் போன். இன்னொரு கையில் அந்த ஜிப் பை, திறந்தபடி. அவளைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"அப்பாவுக்குக் கொட்டிச்சா?" என்றுதான் முதலில் கேட்டான்.

"ஆருக்கும் ஒண்ணும் ஆகல்ல. இது என்னது?"

அவன் பையை மூடப் பார்த்தான். அவள் பிடுங்கினாள். இப்போது குப்பியின் எழுத்தைப் படிக்க நேரம் இருந்தது. படித்ததும் கலுங்குத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். பூச்சி ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாரும் முதலுதவி வகுப்பில் பார்த்திருக்கிற மருந்து. கொட்டு வாங்கி மூச்சடைத்துப்போகிறவர்களுக்குப் போடுவது.

"எப்போ?" என்று கேட்டாள்.

"ஜனவரி பன்னெண்டு. சீசனுக்குப் பெட்டியில அடைச்சட்டம் மாத்தப் போனேன். கழுத்தில ஒரு கொட்டு. ஒண்ணே ஒண்ணு. வாழ்க்கையில எத்தனாயிரம் கொட்டு வாங்கியிருப்பேன், தொடச்சுவிட்டுட்டு நின்னேன். பத்து நிமிஷத்தில ஒடம்பெல்லாம் தடிச்சு, தொண்ட அடைச்சு, கண்ணு இருட்டிப்போச்சு. அப்பாதான் ஆட்டோ புடிச்சு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. ரெண்டு நாள் வச்சிருந்தாவ. இனி ஒரு கொட்டு வாங்கினா ஆளு தேறுகது சந்தேகம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"உனக்கு அப்போ பிரசவமாகி இருவது நாளு. சொன்னா கொச்சையும் தூக்கிட்டு அடுத்த பஸ்ஸில வந்திருப்ப. பெட்டியெல்லாத்தையும் வித்துருன்னு சொல்லியிருப்ப. உனக்க மூணு வருஷத்துப் படிப்பு எனக்க கழுத்தில வந்து முடியணுமா? மார்ச் முடியட்டும்னு நெனச்சேன். இன்னும் எட்டு நாளுதான் உண்டு."

"அதுக்கு மாமாவை எண்ண விட்டியளா!"

"அவருதான் கேட்டாரு. 'ஏலே, அந்தப் பிள்ளைக்க கணக்கு முடங்கப்பிடாது, நான் எண்ணுகேன்'னு. நான் ரோட்டுல நிப்பேன், அவருக்கு ஒண்ணு ஆனா தூக்கிட்டு ஓட. சாயந்திரம் அவரு நோட்டைப் பாத்து நான் தாளில எழுதுவேன். அம்புட்டுதான் பெமி."

மூன்று நாளாக அவள் கட்டி வைத்த சந்தேகம் ஒவ்வொரு அறையாக உடைந்தது. சுத்தமான தாள், ஒரே பேனா, தழும்பு, சளி, கலுங்கு, போன். எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது. அழுகையும் வந்தது. ஆனால் அழத் தொடங்குமுன் ஒன்று நெஞ்சில் முள்ளாக நின்றது. அதை விட அவளால் முடியவில்லை.

"ஞாயித்துக்கெழமை மாமா ஆறரைக்கே கோயிலுக்குப் போயிருவாவளே. அப்போ ஆரு எண்ணினது?"

மெல்ல நடந்து வந்து சேர்ந்த யேசுரத்தினம் அங்கேயே நின்றார். "ஞாயிறு எண்ணவேண்டாம்னு அவ சொன்னதா நீதானேல சொன்ன?"

ஷிபு தலையைக் குனிந்தான்.

"ஏலே! வாயத் தொற!"

"தினமும் எண்ணணும்னுதான் அவ சொல்லியிருந்தா. ஒரு நாளு விட்டா சரியாவாது." குரல் கீழே போயிற்று. "கொசுவலை கட்டிட்டு உள்ள இருந்தேன். ரெண்டு மரத்துக்கு எடையில கயிறு கட்டி, கீழ கல்லு வச்சு. போனில அஞ்சு நிமிஷம் வச்சிட்டு எண்ணினேன்."

"வலைக்குள்ள" என்று பெமிலா சொன்னாள். "ஒரு கொட்டு வாங்கினா ஆளு தேறாதுன்னு சொன்ன பொறவு. ஆருக்கும் தெரியாம. எட்டு ஞாயிறு."

"ஒம்பது. முந்தாநாளும் போனேன்."

அவள் மாமாவின் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி அவன் நெஞ்சில் அடித்தாள். ஒரு அடி, இரண்டு அடி, பிறகு எண்ணவில்லை. "ஒரு ஈ வலைக்குள்ள வந்திருந்தா? எனக்க கொச்சுக்கு அப்பன் வேணுமா, வேண்டாமா? நம்பர் வேணும்னு நான் கேட்டனா?" ஷிபு தடுக்கவில்லை. அவள் ஓய்ந்ததும், அவனுடைய சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். யேசுரத்தினம் ரப்பர் மரங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவரும் துண்டால் முகத்தைத் துடைத்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும்தான் அந்த முள்ளின் மறுபக்கம் அவளுக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை எண்ணியது போனின் கடிகாரம். மற்ற நாள் எண்ணியது?

"மாமா, அஞ்சு நிமிஷத்துக்கு வாட்ச் பாக்கல்லியா?"

"வாட்ச பாத்தா ஈயை விட்டுருவேன். ஈயைப் பாத்தா வாட்ச விட்டுருவேன். ரெண்டையும் பாக்க எனக்கு நாலு கண்ணா இருக்கு? அதான் பாட்டு. கோயில்ல அந்தக் கீர்த்தன அஞ்சு நிமிஷம் வரும், கணக்கா."

"தோட்டத்தில ஒம்பது நிமிஷம் வந்துதே."

யேசுரத்தினம் யோசித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "எனக்க கர்த்தாவே! கோயில்ல மூணு சரணத்தோட போதகர் நிப்பாட்டிருவாரு மக்களே. தோட்டத்தில ஆரு நிப்பாட்ட? எல்லாச் சரணமும் பாடினேன்."

"லெந்துக்கு முன்ன இதே பாட்டா?"

"சே! பாடுகளின் பாட்டை லெந்துக்கு முன்ன பாடுவாவளா? அப்போ காலைத் துதி. அதும் கோயில்ல அஞ்சு நிமிஷந்தான். லெந்து தொடங்கின சாம்பல் புதனுக்குத்தான் மாத்தினேன்."

பெமிலா காலண்டரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிப்ரவரி பதினெட்டு, புதன். டாக்டர் விக்டோரியா வெயிலின் மேல் போட்ட அந்தத் தாவல், சாம்பல் புதனன்று மாமா பாட்டை மாற்றியதால் வந்தது.

முன்கூடத்தில் அவரை உட்கார வைத்துக் காலைத் துதியை மூன்று தடவை பாடச் சொன்னாள். குட்டி கையைக் காலை உதைத்துக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஏழு நிமிடம், ஏழு நிமிடம் இரண்டு வினாடி, ஆறு நிமிடம் ஐம்பத்தெட்டு. லெந்துப் பாட்டு மூன்று தடவையும் ஒன்பதைச் சுற்றியே நின்றது.

"முப்பது வருஷம் பாட்டுக்குழு நடத்தினவன். தாளம் பிசகாது" என்றார் அவர், பாதி வெட்கமும் பாதிப் பெருமையுமாக.

ஐம்பத்தெட்டை ஏழால் வகுத்து ஐந்தால் பெருக்கினாள். நாற்பத்தொன்று. எழுபத்து நாலை ஒன்பதால் வகுத்து ஐந்தால் பெருக்கினாள். மறுபடியும் நாற்பத்தொன்று. எட்டு ஞாயிற்றுக்கிழமையும் கொசுவலைக்குள்ளிருந்து ஷிபு எழுதிய அதே நாற்பத்தொன்று. பொய் என்று அவள் முதலில் விரல் வைத்த எண்கள் மட்டும்தான் இருந்தபடியே சரியாக இருந்தன.

புதன்கிழமை மதியம் டாக்டர் விக்டோரியாவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். யார் எண்ணினார்கள், எதை வைத்து நேரம் பார்த்தார்கள், எப்படித் திருத்தினாள், ஒன்றையும் மறைக்கவில்லை. அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"பாட்டா?" என்றார் அந்த அம்மா.

"ஆமா மேடம். ரெண்டு பாட்டு."

"ரெண்டு மடங்குன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே பெமிலா."

"ரெண்டு மடங்கு இல்ல மேடம். முப்பத்தெட்டு நாப்பத்தொண்ணு ஆயிருக்கு. மூணு கூடியிருக்கு. அது வெயிலா, வேற எதாவதான்னு இப்போ சொல்ல முடியாது. அடுத்த வருஷமும் எண்ணணும்."

"மாநாடு போச்சு."

"போச்சு மேடம்."

"சீசன் போகல." மறுமுனையில் ஒரு பெருமூச்சு, அதன் பின்னால் அடக்க முடியாத சிரிப்பு. "அந்த ஞாயித்துக்கிழமை எண்கள் இல்லன்னா எல்லாத்தையும் தூக்கிப்போடச் சொல்லியிருப்பேன். உன் மாமாவை ஒருதரம் பாடச் சொல்லிப் பதிவு பண்ணி அனுப்பு. ஆய்வேட்டோட இணைக்கணும்."

அடுத்தது குருத்தோலை ஞாயிறு. மாமா வெள்ளை வேட்டியில், பாட்டுக்குழு நோட்டை இடுக்கிக்கொண்டு, ஆறரைக்கே கோயிலுக்குப் போனார். ஏழு மணிக்குப் பெமிலா முதல் பெட்டியின் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். குளவிக் கூட்டைப் பெயர்த்துவிட்டுத் துவைத்த ஷிபுவின் வெள்ளைச் சட்டை இப்போது அவள் மேலிருந்தது. கை அவளுக்கு இரண்டு விரற்கடை கூடுதல் நீளம். மேலே இளம் இலைகளுக்கு நடுவே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

ரோட்டில், கலுங்குக்கு அந்தப் பக்கம், ஷிபு குட்டியைத் தோளில் போட்டு நின்றான். அப்பா, மகள் இரண்டு பேர் மேலும் அந்த நீலக் கொசுவலை போர்த்தியிருந்தது. போகிற வருகிறவர்கள் ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எத்தன?" என்று அங்கிருந்தே கத்தினான்.

அவள் பேசாதே என்று கையை உயர்த்தினாள். எண்ணி முடிக்க இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. போன் ஒலித்ததும் நாற்பத்திரண்டு என்று எழுதினாள். தாளின் ஓரத்தில் கொஞ்சம் தேன் ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை.

அடுத்த பெட்டிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ரோட்டைப் பார்த்தாள். கலுங்கின் விளிம்பைப் பார்த்தாள், அவன் செருப்பைப் பார்த்தாள். வந்தபோது நின்ற இடத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்திருக்கிறானோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"பொறகே போங்க அத்தான்" என்றாள். "இன்னும். இன்னும் கொஞ்சம்."